மலாகா பயணம்: 2016 பாஸ்போர்ட் செல்லுமா?

2016 ஜூலை 3 அன்று வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட், 2027 மார்ச் 3 வரை தேதி இருக்கிறது, 2026 ஜூலை 20 ஸ்பெயினில் உள்ள மலாகா போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போக முடியாது, விமானத்தில் ஏறவே விடமாட்டார்கள்.

படம் இருக்கும் பக்கத்தில் வழங்கிய தேதி, காலாவதி தேதி என இரண்டு தேதிகள் இருக்கும், எல்லோரும் கீழே உள்ளதைத்தான் பார்ப்போம். 2018 செப்டம்பருக்கு முன்பு புதுப்பித்தவர்களுக்குப் பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களையும் (9 வரை) சேர்த்துக் கொடுத்தார்கள், உங்களுக்கு 8 மாதம் அப்படி வந்ததுதான். ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள், ஸ்பெயினும் அதில் ஒன்று) அந்தக் கூடுதலைக் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளே நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. அப்புறம், திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். இரண்டாவதில் தேறிவிட்டீர்கள், முதலாவதில் 17 நாளில் கோட்டைவிட்டீர்கள்.

புதுப்பிக்கச் சாதாரணத் தபால் விண்ணப்பத்தை நம்பி உட்காராதீர்கள். ஆன்லைன் பிரீமியம் என்ற அவசர சேவையில் சந்திப்பு நேரம் கிடைத்தால் பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே கையில் தந்துவிடுவார்கள், பணம்தான் கடிக்கும். பிள்ளைகளுக்கு அது கிடையாது, ஒரு வார ஃபாஸ்ட் டிராக் என்ற விரைவு சேவைதான். அவர்களுடையது 5 ஆண்டுதான் செல்லும், அதையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.