பேட் தேயவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது: கேள்வி பதில்

பழைய கார்களில் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதாகக் காட்டும் பொய் எச்சரிக்கையைப் பற்றி, கடையநல்லூர் முதல் புனலூர் வரையுள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குச் செங்கோட்டையைச் சேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பதிலளிக்கிறார்.

செங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, என்னுடையது 20 ஆண்டு பழைய ஐரோப்பியக் கார். பேட் மாற்றி அதிக நாள் ஆகவில்லை. சாரல் தொடங்கினால் பேட் விளக்கு எரிகிறது, நல்ல வெயில் அடித்தால் அணைந்துவிடுகிறது. மறுபடியும் பேட் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆனால் அதை உறுதி செய்ய வீலைக் கழற்றியே ஆக வேண்டும். வண்டிக்கு வெளியே நின்று அலாய் வீலின் இடைவெளி வழியாகப் பார்த்தால் வெளிப் பேட் மட்டும்தான் கண்ணில் படும். பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடர் பின் (அது நகர உதவும் கம்பி) இறுகிப்போன வண்டியில் முதலில் தேய்வது உள் பேட். ஆகவே உள் பேட்டை அளந்து பாருங்கள். லைனிங் (பேட்டின் தேயும் பகுதி) 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் பேட்டை மாற்றுங்கள்.

பேட் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தது ஒயர். இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பேட்டுக்குள் ஒரு சிறிய ஒயர் வளையம் பதிந்திருக்கும். பேட் தேயும்போது, வீலோடு சுழலும் டிஸ்க் அந்த வளையத்தை அறுத்துவிடும். சுற்று துண்டானதும் விளக்கு எரியும். ஆகவே அந்த விளக்குக்குப் பேட்டின் தடிமன் தெரியாது; சுற்று முழுமையாக இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். கப்ளரில் (சென்சார் ஒயரும் வண்டி ஒயரும் சேரும் இணைப்பில்) களிம்பு, அதாவது செம்பில் பிடிக்கும் பச்சைத் துரு, ஏறினாலும், உறைக்குள் செப்பு இழை முறிந்தாலும், எலி கடித்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். டிஸ்க் அறுத்த வளையம் வெயில் அடித்தால் ஒட்டிக்கொள்ளாது என்பதால், உங்கள் வண்டியில் குற்றவாளி பெரும்பாலும் கப்ளர்தான்.

கப்ளரைப் பிரித்து, சென்சார் பக்கத்து இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (சுற்று முழுமையா என்று காட்டும் நிலையில்) வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ பூஜ்ஜியம் ஓம் காட்ட வேண்டும். அப்படியே மீட்டரை வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பச் சொல்லி, ஒயரையும் ஆட்டிப் பாருங்கள்; புளியரை எஸ் வளைவில் திரும்பும்போது மட்டும் எரியும் விளக்குகள் இந்தச் சோதனையில் சிக்கிவிடும். சென்சார் சரியாக இருந்தால், வண்டிப் பக்கத்துக் கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சற்று நேரம் இணையுங்கள். விளக்கு அணைந்தால் மீட்டர் போர்டு வரை ஒயர் நன்றாக உள்ளது, கோளாறு கப்ளரில்தான் இருக்கிறது. அணையாவிட்டால் உள்ளே போகும் ஒயரைத் தேட வேண்டும். சோதனை முடிந்ததும் அந்தத் துண்டு ஒயரை எடுத்துவிடுங்கள்.

புளியரை வாசகர்: மாருதி 800 வைத்திருக்கிறேன். எனக்கும் பேட் விளக்கு எரிகிறது.

பதில்: உங்கள் வண்டியில் பேட்டுக்கு மின் சென்சார் கிடையாது. நீங்கள் பார்ப்பது ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்காக இருக்கும். ஹேண்ட்பிரேக் முழுதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், ஆயில் மட்டம் இறங்கும். ஆகவே உள் பேட்டைப் பார்க்காமல் ஆயிலை ஊற்றி நிரப்பாதீர்கள்.

தென்மலை வாசகர்: மழைக் காலத்தில் மட்டும் விளக்கு எரிவது ஏன்?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது. களிம்பு.

கடையநல்லூர் வாசகர்: புதிய பேட் போட்டபோது சென்சார் ஒயரை வெட்டி, கப்ளரில் டேப் சுற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து விளக்கு அணையவே இல்லை. இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்துவிடலாமா?

பதில்: கூடாது. சென்சாருடன் வரும் பேட்டை ஸ்பேர் கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஆரியங்காவு வாசகர்: அண்ணாச்சி, இதை நான் ஏற்கமாட்டேன். என் வண்டியில் ஒயரை இணைத்துப் பல ஆண்டுகளாக ஓட்டுகிறேன். முந்தைய தலைமுறைக் கார்களில் சென்சாரே இல்லை. அவை மலை இறங்கவில்லையா?

பதில்: இறங்கின. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் விளக்கு இல்லை என்று தெரிந்து, அவ்வப்போது வீலைக் கழற்றிப் பார்த்தார்கள். விளக்கு உள்ள வண்டியை ஓட்டுபவர் அது எரியாதவரை கவலையில்லை என்று இருக்கிறார். நீங்கள் இணைத்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நாளை அந்த வண்டியை வாங்குபவருக்கு யார் சொல்வார்கள்? நம் மலைப்பாதையின் உச்சியான கோட்டைவாசலிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான். லைனிங் தீர்ந்து பேட்டின் இரும்பு டிஸ்க்கில் உரசும் நிலையில், அதுவும் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குபவராக இருந்தால், பிரேக்கின் மொத்தச் சூடும் காலிப்பருக்குப் போகும். புதிய டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். இறக்கத்தில் கியரில் வாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

ஆரியங்காவு வாசகர்: கண்ணால் பார்ப்பதே சிறந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே?

பதில்: ஆம், ஒப்புக்கொள்கிறேன். பல வண்டிகளில் சென்சார் நான்கு வீலிலும் இல்லை, ஒன்றிலோ இரண்டிலோதான் இருக்கும். ஆகவே விளக்கு எரியாததும் முழுச் சான்று ஆகாது. ஆனால் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக விளக்கைக் குருடாக்க வேண்டியதில்லை.

தென்காசி வாசகர்: மேலே ஆரியங்காவுக்காரர் சொன்னதை நம்பி, என் பழைய மெர்சிடிஸ் டபிள்யூ124 வண்டியில் சென்சார் ஒயரைப் பாடியோடு சேர்த்துவிட்டேன். எப்போதாவது எரிந்த விளக்கு இப்போது நிரந்தரமாக எரிகிறது.

பதில்: எரியத்தான் செய்யும். அந்த வண்டியில் ஏற்பாடு நேர் எதிர். ஒரு பேட்டுக்கு ஒரே ஒயர். பேட் தேய்ந்ததும் அதன் முனை டிஸ்க்கைத் தொட்டு எர்த் ஆகும், விளக்கு எரியும். நீங்கள் கையாலேயே எர்த் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் அதைப் பிரியுங்கள். இந்த வகையில் பொய் எச்சரிக்கை வருவது, ஒயரின் உறை உரசித் தேய்ந்து எங்கேனும் இரும்பைத் தொடுவதால். காலிப்பர் அருகிலும் வீல் ஆர்ச்சுக்குள்ளும் தேடுங்கள். ஆரியங்காவு நண்பரும் இதைப் படிக்கட்டும்.

அச்சன்கோவில் வாசகர்: ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிகிறது.

பதில்: அது வேறு சுற்று. ஸ்கேனர் உள்ள கடைக்குப் போங்கள்.

குற்றாலம் வாசகர்: மழையில் விளக்கு எரிந்தால் பேட் மாற்ற வேண்டுமா?

பதில்: முதல் பதில்.

புனலூர் வாசகர்: பி.எம்.டபிள்யூ ஈ46. பேட்டும் சென்சாரும் புதிது. இருந்தும் விளக்கு அணையவில்லை.

பதில்: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு 30 வினாடி காத்திருங்கள், விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால், இந்த வண்டியில் முன் இடது வீலில் ஒன்று, பின் வலது வீலில் ஒன்று என இரண்டு சென்சார்கள் உண்டு. உங்கள் மெக்கானிக் மாற்றியது எது என்று கேளுங்கள், மற்றதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள் பேட்டையும் சேர்த்து.