நெட்வொர்க் கருவித் தொழில் வளருமா? கேள்வி பதில்

சேலம் வாசகர்: எல்லோரும் கிளவுடுக்கு, அதாவது இணையவழி வாடகைக் கணினிகளுக்குப் போய்விட்டார்கள். கணினிகளை இணைக்கும் சுவிட்ச், ரவுட்டர் கருவிகளைத் தயாரிப்பவர்களுக்கு இனி வளர்ச்சி உண்டா?

பதில்: உண்டு. அது தரவு மையங்களுக்குள் நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாடலைப் பயிற்றுவிக்க ஜிபியு எனும் கணக்கீட்டுச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் ஒரே கணக்கைப் பகிர்ந்து போடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சுவிட்ச் வழியே விடைகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்றின் விடை தாமதமானால் மற்றவை அத்தனையும் காத்து நிற்கும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் சுவிட்சுக்குப் பணம் வருகிறது. பிராட்காம் 2022-ல் கொண்டுவந்த டொமஹாக் 5 சுவிட்ச் சில்லு நொடிக்கு 51.2 டெராபிட் கடத்தியது. 2025-ல் வந்த டொமஹாக் 6 கடத்துவது 102.4.

ஆனால் ஆர்டரைத் தேவை என்று எண்ணிவிடாதீர்கள். 2021 சில்லுத் தட்டுப்பாட்டின்போது, நான் வேலை பார்த்த இடத்தில் 40 சுவிட்ச் வேண்டியிருந்தது. எது முதலில் வருமோ என்று மூன்று விநியோகஸ்தர்களிடம் தலா 40 சொல்லிவைத்தோம். அடுத்த ஆண்டு மூன்று லோடும் வந்து இறங்கின. 80 பெட்டிகள் டேப் பிரிக்காமல் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தன. தயாரிப்பாளர் கணக்கில் 120-ம் தேவைதான். இப்படித் தேங்கிய சரக்கு தீரும்வரை புது ஆர்டர்கள் வற்றிப்போயின.

கோவை வாசகர்: எந்தப் பங்கை வாங்கலாம்?

பதில்: அது என் துறை அல்ல. பதிவு பெற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

மதுரை வாசகர்: ஜிபியுக்களை இணைக்க இன்ஃபினிபேண்ட் தொழில்நுட்பம் இருக்கும்போது, சாதாரண நெட்வொர்க்குகளில் ஓடும் ஈதர்நெட் எதற்கு? இன்ஃபினிபேண்ட் தயாரித்த மெல்லனாக்ஸை வாங்கிய, ஜிபியு விற்கும் என்விடியாதானே இனி எல்லாம்?

பதில்: மறுக்கிறேன். 1973-ல் பிறந்த ஈதர்நெட், போட்டிக்கு வந்த டோக்கன் ரிங், ஏடிஎம் என்ற நெட்வொர்க் முறைகளைக் கடந்து வந்தது. காரணம், பல பேர் தயாரிப்பதால் விலை இறங்கும். பெரிய வாடிக்கையாளர்கள் ஒரே கடையில் மாட்டிக்கொள்ள விரும்புவதில்லை. 2023-ல் மெட்டா, மைக்ரோசாஃப்ட், பிராட்காம், அரிஸ்டா, சிஸ்கோ எல்லாம் ஈதர்நெட்டை மேம்படுத்தும் அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பில் சேர்ந்தது அதனால்தான். என்விடியாவே ஈதர்நெட் சுவிட்சும் விற்கிறது.

மதுரை வாசகர் மீண்டும்: நெரிசலில் ஈதர்நெட் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டைத் தொலைக்குமே?

பதில்: நியாயமான கேள்வி. இன்ஃபினிபேண்டில் பெறும் முனை ‘இடம் இருக்கிறது’ என்று சொன்ன பிறகே அனுப்பும் முனை அனுப்பும். ஈதர்நெட்டில் அந்த ஒழுங்கை நாம்தான் அமைத்து, கவனமாகப் பராமரிக்க வேண்டும். முடியாத காரியம் அல்ல. மெட்டா, 24,576 ஜிபியுக்கள் கொண்ட இரண்டு தொகுப்புகளைக் கட்டியது. ஒன்று ஈதர்நெட், மற்றது இன்ஃபினிபேண்ட். தன் லாமா 3 மாடலின் பயிற்சியை ஈதர்நெட் தொகுப்பிலும் நடத்தியது.

திருச்சி வாசகர்: சிஸ்கோ பங்கு வாங்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். 2000 மார்ச்சில் சிஸ்கோதான் உலகின் மிக மதிப்புள்ள நிறுவனம். மறு ஆண்டே, தேங்கிப்போன 220 கோடி டாலர் சரக்கைக் கணக்கிலிருந்து கழித்தது. அங்கும் ஆர்டரைத் தேவை என்று நம்பியதுதான் தவறு.

தாம்பரம் மாணவர்: சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ படிக்கலாமா?

பதில்: படியுங்கள், லினக்ஸும் பைத்தானும் சேர்த்து.

ஈரோடு வாசகர்: பங்கு எது நல்லது?

பதில்: மூன்றாவது முறை. பதில் இல்லை.

மதுரை வாசகர்: ஒரே இடத்தில் வாங்கினால், பழுது வரும்போது ஒருவரிடம் கேட்டால் போதுமே?

பதில்: நான்கைந்து ரேக் (கணினி அடுக்கு) மட்டும் வைத்திருப்பவருக்கு அது சரி, ஒப்புக்கொள்கிறேன். நெரிசலைச் சீர்செய்யத் தனி ஆள் இல்லையென்றால் இன்ஃபினிபேண்டையே வாங்குங்கள். ஆர்டர் எண்ணிக்கையை மட்டும், நாங்கள் செய்ததுபோல், கூட்டிச் சொல்லாதீர்கள்.