மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் ஏன் வெளுக்கிறது? அதை எப்படித் தயாரிக்கிறார்கள்?

மயில்துத்தம் என நாம் அழைக்கும் செம்பு சல்பேட்டின் நீலம் செம்பினால் மட்டும் வருவதன்று. அதனோடு பிணைந்துள்ள நீரும் அதற்குக் காரணம். படிகத்தில் செம்பு அயனி ஒவ்வொன்றையும் நான்கு நீர் மூலக்கூறுகள் நேரடியாகச் சூழ்ந்திருக்க, ஐந்தாவது மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்பால் சல்பேட்டோடு கட்டுண்டிருக்கிறது. படிகத்தின் எடையில் ஏறத்தாழ 36 விழுக்காடு இந்த நீர்தான். சோதனைக் குழாயிலிட்டு மெல்லச் சூடாக்கினால், குழாயின் வாயருகே நீர்த்துளிகள் அரும்பும். அடியில் வெளிறிய பொடி மிஞ்சும். ஆறியபின் அதில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: பொடி சூடேறி, கண்ணெதிரே மீண்டும் நீலமாகும்.

தயாரிப்பு முறையைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே சமன்பாட்டில் முடித்துவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. செம்பு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றாத உலோகம் ஆதலால், நீர்த்த கந்தக அமிலத்தில் வெறுமனே போட்டால் கரையாது. அடர் அமிலத்தில் காய்ச்சினால் கரையும். ஆனால் வினைபுரியும் அமிலத்தில் பாதி, மூச்சைத் திணறடிக்கும் கந்தக டை ஆக்சைடாக வீணாகும். ஆகவே ஆலைகளில் பழைய செம்புத் துண்டுகளின் மீது சூடான நீர்த்த அமிலத்தைச் சுற்றவிட்டுக் காற்றையும் செலுத்துகிறார்கள். காற்றின் ஆக்சிஜன் செம்பை ஆக்சிஜனேற்றம் செய்ய, அமிலம் அதைக் கரைத்துக்கொள்கிறது. அந்தச் செறிந்த கரைசலைக் குளிரவிட்டால் நீலப் படிகங்கள் பிரிந்து வரும்.