ஐஸ் ஹாக்கி: பதக்கத்தை எண்ணும் முன் எதிரணியைப் பாருங்கள்

கேள்வி: தேசிய அணிக்காக ஆடியவர்களில் மிகச் சிறந்தவர் யார்? பதக்கக் கணக்கில் சோவியத் வீரர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: கணக்கு சரிதான். ஆனால் எதிரே யார் நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல். தன் சீசனை நிறுத்திவைத்து வீரர்களை ஒலிம்பிக்குக்கு விட்டது 1998-ல்தான். 1970 முதல் 1976 வரை கனடா உலகச் சாம்பியன்ஷிப் பக்கமே போகவில்லை. சோவியத் வீரர்களில் பலர் பெயருக்கு ராணுவத்தினர். வருஷம் முழுக்க அவர்களுக்கு வேலை ஹாக்கிதான். ஆகவே கோல்கீப்பர் டிரெட்டியாக்கின் 3 ஒலிம்பிக் தங்கம், 10 உலகப் பட்டம் இவற்றை, கனடாவின் முழு பலத்தோடு மோதிய ஆட்டங்களில் உரசிப் பார்க்க வேண்டும்.

உரசினாலும் மாற்றுக் குறையவில்லை. 1972-ல் கனடாவும் சோவியத்தும் மோதிய 8 ஆட்டத் தொடர். மான்ட்ரியாலில் முதல் ஆட்டத்தையே சோவியத் 7-3 என்று வென்றது, கார்லமோவ் 2 கோல். கடைசி ஆட்டத்தில் 34 விநாடி மிச்சமிருக்கும்போது ஹெண்டர்சன் அடித்த கோலால்தான் கனடா தொடரைக் கைப்பற்றியது. நாடுகள் முழு பலத்தோடு மோதிய கனடா கோப்பையின் 1981 இறுதியிலோ சோவியத் 8, கனடா 1.

ஒரே ஒரு பெயர் என்றால், எங்கள் தேர்வு சோவியத்தின் ஃபெடிசோவ். டிஃபென்ஸ் ஆட்டக்காரர், 7 உலகப் பட்டம், 2 ஒலிம்பிக் தங்கம். வழி அடைபட்டால் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எதிரணிப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவது பலரின் வழக்கம். அவருடைய ஐவர் கூட்டணி அப்படிச் செய்யாது. பின்னால் திருப்பி, மறுபடி கட்டி, இடம் கிடைத்த பிறகே ஏறும். அந்தத் திருப்பம் தொடங்குவது பெரும்பாலும் இவர் மட்டையில்.

கேள்வி: அவ்வளவு பெரிய டிரெட்டியாக்கை 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு எதிராக ஏன் வெளியே உட்கார வைத்தார்கள்?

பதில்: ஒரு விநாடிதான் காரணம். முதல் பீரியடின் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) முடிவில் அமெரிக்காவின் கிறிஸ்டியன் வெகுதூரத்திலிருந்து ஒரு ஷாட் அடித்தார். அதைத் தடுத்த டிரெட்டியாக், பக்கை மூலைப் பக்கம் திருப்பிவிடாமல் நேரே முன்னால் விட்டுவிட்டார். நேரம் முடிந்தது என்று சோவியத் டிஃபென்ஸ் தளர்ந்த இடைவெளியில் மார்க் ஜான்சன் புகுந்து, 1 விநாடி மிச்சமிருக்கும்போது 2-2 ஆக்கினார். பயிற்சியாளர் டிகோனோவ் கோல்கீப்பரையே மாற்றினார். 4-3 என்று தோற்றார். பிழை டிஃபென்ஸுக்கும் சேர்த்து, தண்டனை ஒருவருக்கு. அந்த முடிவு தவறு என்றே சொல்வோம்.

கேள்வி: கனடாவின் கிரெட்ஸ்கியிடம் ஒலிம்பிக் பதக்கமே இல்லையே?

பதில்: அவர் ஆடிய ஒரே ஒலிம்பிக் 1998. அரையிறுதி ஷூட்-அவுட்டில் அவரை இறக்கவே இல்லை. செக் கோல்கீப்பர் ஹாஷெக் ஐந்து பேரையும் தடுத்தார். கிரெட்ஸ்கியை எடைபோட 1987 கனடா கோப்பையைப் பாருங்கள். சோவியத்துக்கு எதிரான இறுதியின் மூன்று ஆட்டங்களும் 6-5. கடைசி ஆட்டத்தில் 5-5 இருக்கையில் இடப்பக்கமாகப் பக்கோடு ஏறினார். சக வீரர் மர்ஃபி கோலை நோக்கிப் பாய, டிஃபென்ஸ் அவரோடு போனது. பின்னால் வந்த லெமியூவுக்குப் பாஸ் கிடைத்தது, கோல். மிச்சம் 1 நிமிஷம் 26 விநாடி.

கேள்வி: பெண்களில்?

பதில்: மொத்தச் சாதனைக்குக் கனடாவின் விக்கன்ஹைசர்: ஒலிம்பிக்கில் 4 தங்கம், 1 வெள்ளி. ஒலிம்பிக் இறுதி ஆட்டம் என்றால் பூலான். 2010, 2014, 2022 மூன்றிலும் கனடாவுக்குத் தங்கம் தந்த கோல் அவருடையது. 2014-ல் அமெரிக்கா 2-1 முன்னிலை. கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்க, கனடா கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டது. அமெரிக்கா தூரத்திலிருந்து அடித்த பக் காலி கோலின் கம்பத்தில் பட்டு நின்றது. 54.6 விநாடி மிச்சத்தில் பூலான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) வெற்றிக் கோலையும் அவரே அடித்தார்.