பி.எட். முடித்த ஆசிரியர் சிறப்புக் கல்வித் தகுதியைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

கணிதத்தில் பட்டமும் பி.எட்.டும் முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற்று, தனியார் பள்ளியில் பணியாற்றிவரும் நீங்கள், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான சிறப்புக் கல்வியில் குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றால் போதுமா, அல்லது மறுபடியும் முழுப் படிப்பாகப் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறப்பாசிரியராகப் பணியாற்றும் உரிமை, இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றே சொல்கிறார்கள்) மத்தியப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிய பிறகே கிடைக்கிறது. ஆகவே எந்தப் படிப்பில் சேரலாம் என்று யோசிப்பதற்கு முன், அந்தப் படிப்பை முடித்தால் பதிவு எண் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் இதில் கண்டிப்பானது. பதிவேட்டில் இடம்பெறாதவர் மறுவாழ்வுத் துறை வல்லுநராக (சிறப்பாசிரியரும் இதில் அடங்குவார்) தொழில் செய்தால், ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. இணையவழியில் சில வாரங்களில் முடியும் பயிற்சிகள் பல இருக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. உங்கள் வகுப்பிலேயே அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையைப் புரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் அவற்றைக் காட்டிச் சிறப்பாசிரியர் பணியிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்குப் பொருத்தமான வழி சிறப்புக் கல்வியில் பி.எட். பட்டம். ஏதேனும் ஒரு பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் இதில் சேரலாம். நேரடி வகுப்பில் படித்தால் இரண்டு ஆண்டுகள். ஏற்கெனவே ஒரு பி.எட். இருப்பதால் இந்தக் காலம் தானாகக் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உளவியலும் கற்பித்தல் முறையும் உங்களுக்குப் பழகிய பாடங்களாக இருக்கும், அவ்வளவே. வேலையை விட இயலாத ஆசிரியர்களுக்காகத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இப்படிப்பைத் தொலைநிலையில் நடத்திவந்திருக்கிறது. தொலைநிலை என்பதால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்முக வகுப்புகளும், சிறப்புப் பள்ளியில் செய்ய வேண்டிய செய்முறைப் பயிற்சியும் அதிலும் கட்டாயம். அந்த நாள்களுக்கு விடுப்பு தருவார்களா என்று உங்கள் நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நேரடி வகுப்பில் படிக்க விரும்பினால், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்காக மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனமும், கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகமும் நீங்கள் விசாரிக்கத் தக்கவை.

எங்கே சேர்வதானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். ஆர்.சி.ஐ. அங்கீகாரம் கல்லூரிக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைப்பது அன்று. கல்லூரியின் பெயர், படிப்பின் பிரிவு, கல்வியாண்டு ஆகிய மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும். செவித்திறன் குறைபாட்டுப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரிக்கு அறிவுசார் குறைபாட்டுப் பிரிவுக்கு அது இல்லாமல் இருக்கலாம். சென்ற ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டு புதுப்பிக்கப்படாமலும் இருக்கலாம். சேர்க்கை அலுவலகத்தில் சொல்லும் வார்த்தையோடு நின்றுவிடாமல், மன்றத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலை நீங்களே திறந்து பார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டுத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு உழைப்பும் இந்த ஒரு தாளை நம்பித்தான் இருக்கிறது.

இனி, பிரிவைத் தேர்ந்தெடுப்பது. பலர் இதை விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதுதான் யோசிக்கிறார்கள். நான் இதற்கே அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன், ஏனென்றால் நீங்கள் படிக்கும் பிரிவுதான் பதிவிலும் குறிக்கப்படும். அதன்பின் உங்கள் அன்றாட வேலையின் தன்மையையே அது தீர்மானிக்கும். பார்வைத்திறன் குறைபாட்டுப் பிரிவை எடுத்தால் பிரெயில் கற்க வேண்டும். கணித ஆசிரியர் என்ற முறையில் டெய்லர் சட்டகத்திலும் (பார்வையற்ற மாணவர்கள் தொட்டுணர்ந்து கணக்குப் போட உதவும் பலகை) அபாகஸிலும் கணக்கு நடத்தப் பழக வேண்டும். செவித்திறன் பிரிவில் கேட்புத்திறன் வரைபடத்தைப் படித்துப் பொருள் கொள்ளவும், சைகை மொழியில் உரையாடவும் வேண்டும். கற்றல் குறைபாட்டுப் பிரிவு உங்கள் இப்போதைய பணிக்கு மிக அருகில் இருப்பது: வாய்க்கணக்கில் இருபத்தேழு என்று சரியாகச் சொல்லிவிட்டு, நோட்டில் 72 என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாமல், அது எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்டறிந்து வழிகாட்டும் வேலை அது.

அறிவுசார் குறைபாட்டுப் பிரிவின் வேலை வேறு விதமானது. அங்கே பாடத்திட்டம் குழந்தையிடமிருந்து தொடங்குகிறது. சென்னையில் உருவான மதராஸ் வளர்ச்சித் திட்டமுறை என்ற மதிப்பீட்டுக் கருவி, 18 துறைகளில் 360 செயல்களைப் பட்டியலிட்டு, குழந்தை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று பார்க்கச் சொல்கிறது. அதிலிருந்தே அந்தக் குழந்தைக்கென்று தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. சட்டைப் பொத்தான் போடுவதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கையைப் பிடித்துச் செய்ய வைத்தோமா, வாயால் சொன்னதும் செய்ததா, தானாகவே செய்ததா என்று ஒவ்வொரு நாளும் குறித்துவர வேண்டும். ஒரு படி முன்னேற வாரக்கணக்கில் ஆகலாம். தேர்ச்சி விழுக்காட்டைக் கண்டே மகிழ்ந்து பழகிய ஆசிரியருக்கு இந்த வேகம் ஒத்துவருமா என்பதை அவரவர்தான் உணர வேண்டும். அதனால்தான், விண்ணப்பிக்கும் முன் அருகிலுள்ள சிறப்புப் பள்ளியில் அனுமதி பெற்றுச் சில நாள்களாவது வகுப்பறையில் உட்கார்ந்து பாருங்கள் என்று வற்புறுத்துகிறேன். எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஈடான ஆலோசனை வேறில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறன் குழந்தைகளை மற்றவர்களோடு சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்கிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை மத்திய அரசு 2022இல் அறிவித்தது. பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களை மீண்டும் பணித்தது. தேவை சட்டத்தில் உறுதியாக இருக்கிறது. நியமனம் அதே வேகத்தில் நடக்கவில்லை. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்கள் வழியாகப் பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநர்கள் நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்தில் இருப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். எனவே நிரந்தர அரசுப் பணி உடனே கிடைக்கும் என்ற கணக்கில் இப்போதைய வேலையை விட்டுவிட வேண்டாம்.

உங்கள் பலம், பாட ஆசிரியர் தகுதியும் சிறப்புக் கல்வித் தகுதியும் ஒருவரிடமே இருக்கப் போவதில்தான் உள்ளது. மற்ற மாணவர்களோடு சேர்ந்து படிக்கும் ஒரு பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணிதத்தைத் தகவமைத்துத் தரக்கூடியவர்கள் குறைவு. ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழ் 2021 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதால், படிக்கும் காலத்தில் அது காலாவதியாகும் என்ற கவலையும் வேண்டாம்.

படிப்பு முடிந்ததும் பதிவுக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இப்போதே சரிபார்த்து, வேறுபாடு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பதிவைக் குறித்த கால இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் மறுவாழ்வுக் கல்விப் பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். முதல் பயிற்சியிலிருந்தே அந்தச் சான்றிதழ்களை ஒரு தனிக் கோப்பில் சேர்த்துவாருங்கள்.