அவ்வாவின் தெலுங்கால் பேச்சு தாமதமாகுமா?

கேள்வி: எங்கள் ஊர் ராயக்கோட்டை பக்கம். மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். பதினெட்டு வார்த்தைகள்தான் பேசுகிறான். இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வதில்லை, பாட்டியை மட்டும் "அவ்வா வா" என்று கூப்பிடுவான். நான் தமிழ், மாமியார் அவனிடம் தெலுங்கு. இரண்டு மொழியால் குழம்பிவிட்டான், தெலுங்கை நிறுத்துங்கள் என்கிறார்கள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது? செல்போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான். சிலேட்டில் எழுத்து பழக்கலாமா?

பதில்: மாமியாரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர் பேசட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழோ என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை நிறுத்தினால், குழந்தையின் காதில் விழும் பேச்சில் பாதி போய்விடும்.

ஒரு சந்தேகம். அந்தப் பதினெட்டும் தமிழ் வார்த்தைகள் மட்டும்தானே? தண்ணீருக்கு "நீள்ளு", மாட்டுக்கு "ஆவு", நாய்க்கு "குக்க" என்று சொன்னால் அதையும் எண்ண வேண்டும். நாய், குக்க இரண்டும் சொன்னால் இரண்டாகவே எண்ணுங்கள். (ஆவு நமக்கும் அந்நியமில்லை, ஆவின் பாலில் இருக்கும் அதே "ஆ"தான்.) அப்புறம், "அவ்வா வா" என்பது தெலுங்கும் தமிழும் சேர்ந்த இரண்டு சொல் வாக்கியம். அதைக் குழப்பம் என்று நினைக்காதீர்கள், தெரிந்த சொற்களை வைத்து வேலையை முடித்துக்கொள்கிறான். ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். அம்மா தவிர வேறு யாருக்கும் புரியாத மழலையும் கணக்குதான், ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைச் சொன்னால் போதும்.

இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொற்களும், "பால் வேணும்" மாதிரியான இணைப்புகளும் எதிர்பார்ப்போம். இரண்டு மொழியும் சேர்த்து எண்ணியும் அதற்கு எட்டாவிட்டால் காத்திருக்க வேண்டாம். "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் சொல்வார்கள், பையன்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்பார்கள். அதைக் கேட்டு ஒரு வருடத்தைக் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வசம்பை உரசி நாக்கில் தடவினால் பேச்சு வராது, நாக்குக்கு அடியில் வெட்டிவிட்டாலும் வராது.

முதலில் காது. சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கி, சில நாள் கேட்கும், சில நாள் மந்தமாக இருக்கும். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். பிறந்தபோது செய்த பரிசோதனை சரியாக இருந்தாலும் இப்போது ஒருமுறை பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், பேச்சு தாமதம் என்று சொல்லி, காது பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஓ.ஏ.இ., பெரா என்ற காது பரிசோதனைகளை எழுதித் தருவார்கள், எதுவும் வலிக்காது. அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். பெயர் சொன்னால் திரும்பாதது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாதது, பேசிய சொல் மறந்துபோவது, இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள்.

செல்போன் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பு. இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. கெடுப்பது வெளிச்சம் மட்டுமல்ல. பையன் "ஆவு" என்றால் போன் பதில் சொல்லாது, நீங்கள் சொல்வீர்கள்: "ஆமா, மாடு! பெரிய மாடு வருது." அவ்வா அதையே "பெத்த ஆவு" என்பார். பிறகு ஐந்து நொடி வாயை மூடிக் காத்திருங்கள், அதுதான் கஷ்டம். அவன் முறை வரட்டும். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவோ சித்தப்பாவோ வீடியோ காலில் பேசினால் பரவாயில்லை, அங்கே பதில் வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் போனை நிறுத்தினால் மூன்று நான்கு நாள் ரகளை இருக்கும். ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. களி உருண்டையை அவன் கையிலேயே கொடுங்கள், சூடு, வழவழ, ஒட்டுது என்று பேச எத்தனை இருக்கிறது!

சிலேட்டுக்கு அவசரமில்லை. இந்த வயது விரல்களுக்கு "அ"வின் சுழி முடியாது. தாம்பாளத்தில் கேழ்வரகைப் பரப்பிக் கிறுக்க விடுங்கள், கோலம் போடும்போது ஒரு புள்ளி அவன் வைக்கட்டும். பஸ் போர்டைத் தொட்டுக் காட்டி "நம்ம ஊர் பேர் இது" என்று சொல்லுங்கள். கொஞ்சம் பெரியவனானதும், காக்கா, காது, கால் என்று "கா"வில் தொடங்கும் சொற்களைத் தேடுங்கள், "மாம்பழம்" என்ற சொல்லை மாம்-ப-ழம் என்று கைதட்டிப் பிரித்துச் சொல்லுங்கள். தமிழில் "கா" மாதிரி ஒரே எழுத்துக்குள் "க்", "ஆ" என்று இரண்டு ஒலிகள் சேர்ந்திருக்கும், அதனால் ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த காது பிறகு எழுத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாவையும் கூட்டிப் போங்கள். பையன் சொல்லும் வார்த்தைகளில் பாதி அவருக்குத்தான் தெரியும்.