குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதி கஞ்சாவை எப்போது நிறுத்த வேண்டும்?

கணவனும் மனைவியும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கஞ்சா பிடிக்கிறீர்கள், அடுத்து குழந்தைக்கு முயற்சி செய்யப் போகிறீர்கள், பிறவிக் குறைபாடு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முயற்சி தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே இருவரும் நிறுத்திவிடுங்கள். காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். முதிர்ந்து வெளிவர இன்னும் இரண்டு வாரம். அதனால் இன்று நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் பிடித்த டென்மார்க் இளைஞர்களுக்கு விந்தணு அடர்த்தி 28 சதவீதம் குறைவாக இருந்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த விந்தணுவின் டிஎன்ஏ மேல் இருக்கும் மெத்தில் குறிகள் மாறியிருந்ததையும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். ஆனால் அப்பா பிடித்ததால்தான் குழந்தைக்கு இந்தக் குறை என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

அம்மாவின் கணக்கு இன்னும் நெருக்கடியானது. குழந்தையின் மூளை, தண்டுவடம் உருவாகும் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போவதே கருத்தரித்த 14ஆம் நாள் வாக்கில்தான். ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டு டெஸ்ட் எடுத்தால் மூன்று வாரம் போயே போச்சு. போதாததற்கு, கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கொழுப்பில் தங்கும் பொருள். அடிக்கடி பிடித்தவர் உடம்பில் இருந்து அது வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், நஞ்சுக்கொடியையும் கடக்கும். கோடு இரண்டாகத் தெரிந்த அன்று நிறுத்தினாலும் குழந்தைக்கு அது அன்றே நிற்காது.

மண்டையோடும் மூளையும் வளராத நிலை, தொப்புள் பக்கத்தில் வயிற்றுச் சுவர் திறந்து குடல் வெளியே கிடக்கும் நிலை, இதய அறைகளுக்கு இடையே ஓட்டை ஆகியவற்றோடு சில ஆய்வுகள் தொடர்பு காட்டியுள்ளன. குடல் வெளியே வரும் குறை சுமார் 2,000 பிரசவத்தில் ஒன்று. அது இரட்டிப்பானாலும் ஆயிரத்தில் ஒன்றுதான். பழக்கத்தைப் பலர் மறைப்பார்கள், புகையிலையும் கலந்து பிடிப்பார்கள் என்பதால் எதன் வேலை எது என்று பிரிப்பது கடினம். எடை குறைந்து பிறப்பதற்கான ஆதாரம்தான் உறுதியானது. அமெரிக்க தேசிய அகாடமிகளின் 2017 அறிக்கையும் அதைத்தான் சொன்னது.

புகைக்குப் பதில் வேப் (மின்சிகரெட்), கஞ்சா கலந்த பிஸ்கட் என்று மாறுவதில் லாபமில்லை. எந்த வழியில் போனாலும் அதே டிஎச்சிதான். நிறுத்தியதும் முதல் வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பசிக்காது. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த எரிச்சலில் சிகரெட்டைக் கூட்டிவிடாதீர்கள், அன்னப்பிளவுக்கு அதன் பங்கு தனி. மனைவி கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்கட்டும், கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை.

ஏற்கெனவே கர்ப்பம் என்றால் இன்றே நிறுத்திவிட்டு, கடைசியாகப் பிடித்த தேதியை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மண்டையோடு வளராதது 11 முதல் 14 வார ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இதயத்தைப் பார்க்க 18 முதல் 22 வார ஸ்கேன். பழக்கம் தெரிந்தால் இதயத்தின் நான்கு அறைகளையும் கவனமாகப் பார்க்க அவர்களுக்கு உதவும்.